ஷட்டர் டிவிக்குள் மீன்

மரப்பெட்டியும் இழுத்து மூடும் ஷட்டருமாக இருந்த அந்தப் பழைய டிவியை, சுங்குவார்சத்திரத்தில் ஒரு காயலான் கடையில் கண்டெடுத்தேன். கோடை முழுக்க அதனோடு மல்லுக்கட்டிப் படம் வரவைத்தேன். இருங்காட்டுக்கோட்டையில் டீக்கடை வைத்திருக்கும் பாபு ஆசையாகக் கேட்டார். ஓடவிட்டுக் காட்டி, கொடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் அங்கே டீ குடிக்கப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஷட்டருக்குள் கண்ணாடித் தொட்டி. தொட்டிக்குள் மீன்கள்.

"இன்னா பாபு இது?"

"செம லுக்கு இல்ல சார்? ஷிப்ட் முடிஞ்சி வர்ற பொண்ணுங்க செல்ஃபி எடுத்துக்கினு போவுதுங்க. உள்ள இருந்த குப்பைய நானே க்ளீன் பண்ணிட்டேன். உங்களுக்கு வேலையே வைக்கல."

குப்பையாம்! "அதுல படம் ஓடிச்சேய்யா!"

"படம்தான் போன்லயே வருதே சார்."

தொட்டியை உடைத்திருப்பேன், மீன்கள் என்ன பாவம் செய்தன? கடைக்குப் பின்னால் டீத்தூள் குவியலில் கிடந்த பிக்சர் டியூபைத் துடைத்து, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். வழியெல்லாம் பாபுவைத் திட்டித் தீர்த்தேன். வீடு வந்த பிறகுதான் உறைத்தது: அவர் மயங்கியது படத்தில் அல்ல, பெட்டிக்கு நான் இழைத்து இழைத்துப் போட்ட பாலிஷில்.

கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் இப்போதெல்லாம் நான் சரிசெய்யும் பழைய டிவிகளுக்குப் பாலிஷ் போடுவதில்லை. கீறலும் கறையுமாகவே வைத்திருக்கிறேன். வாங்க வருகிறவர் முதலில், "படம் தெரியுதா?" என்று கேட்க வேண்டும். "பொட்டி சூப்பரா கீதே" என்று தடவிப் பார்ப்பவரை டீ கூடக் கொடுக்காமல் அனுப்பிவிடுகிறேன்.