இடப்பக்கம் நின்றவள்

ஈ.சி.ஜி. அறையில் அவளை எல்லோரும் ஒயரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பயந்துகொண்டு படுப்பவர்களிடம், "இது கரண்ட் குடுக்காது, உங்க உள்ள ஓடற கரண்டத்தான் எட்டிப் பார்க்கும்" என்பாள். அதோடு பாதிப் பயம் போய்விடும்.

அன்று கட்டிலில் படுத்திருந்தது அவள் கணவன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். வருடாந்தர உடல் பரிசோதனைக்குக் கம்பெனி அனுப்பியிருந்தது. கூட வேலை செய்பவன் ஒருவன் கடைத்தெருவில் அவளை நிறுத்தி, அண்ணன் கிரேன் ஏணியில் பாதி வழியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார் என்று சொல்லியிருந்தான். வீட்டில் கணவனிடம் கேட்டதற்கு, அவனுக்கு வேறு வேலை இல்லை என்று பேச்சை வெட்டிவிட்டான். உடம்பு சரியில்லை என்று கிரேனிலிருந்து இறக்கினால், கேட்டில் உட்கார்ந்து லாரிக்கு டோக்கன் கொடுக்கும் வேலைதான்; அதை நினைத்தாலே அவனுக்கு ஆகாது. ஈ.சி.ஜி. படத்தில் ஏதாவது தெரிந்தால்தான் அவன் கீழே இறங்குவான். எதுவும் தெரியவும் கூடாது. இரண்டையும் சேர்த்து வேண்டிக்கொண்டே அவள் ஒயர்களை மாட்டினாள்.

டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். படத்தைக் கணினிக்குக் கொடுத்தால், அந்த இதயத்துக்கு எத்தனை வயதிருக்கும் என்று அது மதிப்பிடும். ரத்தத்தில் தெரியும் முதுமையின் அடையாளங்களோடு அது ஒத்துப்போகிறதா என்று அவர் பார்த்து வந்தார். என் வயசு எனக்குத் தெரியாதா என்று கேலி செய்துகொண்டே அவனும் ரத்தம் கொடுத்திருந்தான்.

அவனுக்கு ஐம்பத்திரண்டு. திரையில் எழுபத்தொன்பது என்று வந்தது.

அவள் எண்ணை இரண்டு தடவை படித்தாள். பிறகுதான் தாளில் வந்திருந்த படத்தைப் பார்த்தாள். முதல் வரியில் அலைகள் தலைகீழாகத் தொங்கின. கை ஒயர்கள் இடம் மாறியிருந்தன. வழக்கமாக வலப்பக்கம் நின்று, கிட்ட இருக்கும் வலக்கையில் சிவப்பு ஒயரை மாட்டுவாள். இன்று இடப்பக்கம் நின்றிருக்கிறாள். வீட்டில் அவள் படுக்கும் பக்கம் அது. கை தன்பாட்டுக்குக் கிட்ட இருந்த கையில் சிவப்பை மாட்டிவிட்டது.

தாளைக் கிழித்துப் போட வேண்டும். அவள் போடவில்லை. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். டாக்டரம்மா அவசரத்தில் இருந்தார்; உற்றுப் பார்க்கமாட்டார். இந்தப் படம் உள்ளே போனால் ஒரு மாதத்துக்காவது அவன் ஏணியைத் தொட முடியாது.

"மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? உள்ள ஒண்ணுமே இல்லையா?"

"பேசாதீங்க."

தாளின் ஓரம் அவள் விரலில் ஈரமாகியிருந்தது. பொய்ப் படம் என்று ஒருநாள் தெரிந்தால், அப்புறம் எந்தப் படத்தையும் இவன் நம்பமாட்டான். ஒயர் மாறிவிட்டது என்று சொல்லிவிட்டுச் சுற்றி வந்து வலப்பக்கம் நின்றாள்.

இப்போது அலைகள் நேராக வந்தன. கோளாறு இல்லை. கம்பெனிக்கு இது போதும். வயது மட்டும் அறுபத்தொன்று.

அவன் எழுந்து உட்கார்ந்து எவ்வளவு என்று கேட்டான். சொன்னாள்.

"அப்ப எங்க அண்ணன் இனிமே என்னை அண்ணேன்னு கூப்பிடணும்."

அவள் சிரிக்கவில்லை. இது கணக்குதான், தப்பாகவும் இருக்கலாம், ரத்தம் என்ன சொல்கிறதென்று இன்னும் தெரியாது என்றாள். பிறகு முதல் தாளைக் காட்டி, இதை உள்ளே அனுப்பப் பார்த்தேன் என்றாள்.

அவன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். "ஏன் அனுப்பல?"

"அது உங்க நெஞ்சு இல்ல. இதுதான் உங்களுது. ஏணியில உக்காந்ததும் நீங்கதான்."

அவன் கட்டிலிலிருந்து இறங்கினான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டான். அவள் சரிசெய்யவில்லை. முதல் தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

டாக்டரம்மா இரண்டாவது படத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். கையெழுத்துக்கு முன் எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார்: தலைச்சுற்றல், மயக்கம், அப்படி ஏதாவது உண்டா? வருடா வருடம் அவன் இல்லை என்று சொல்லிவந்த கேள்வி. அவள் கதவோரம் நின்றாள். வாயைத் திறக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவன் தன் கைகளைப் பார்த்தான்.

"ஏணியில ஏறும்போது கண்ணு இருட்டுது," என்றான். "ரெண்டு தடவ."

"ரெண்டா?" என்றாள் அவள்.

"நாலு."

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு, அவனை இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காரச் சொன்னார்.