யமுனைக்கரையில் எத்தனை கிணறு

மோகனூரை ஒட்டிய காவிரிக்கரை ஊர்களில் உறைகிணறு வேண்டுமென்றால் மாரியாயிக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். ஆற்று மணலில் வெறும் பள்ளம் நிற்காது. தோண்டத் தோண்டச் சரியும். அதனால் சிமெண்ட் வளையத்தை மணல்மேல் வைத்து, அதற்குள் ஒருவர் குந்தி, விளிம்பின் அடியிலிருந்து மணலை வாரி மேலே அனுப்ப வேண்டும். வளையம் தன் கனத்திலேயே இறங்கும். அதன்மேல் இன்னொரு வளையம், அதன்மேல் இன்னொன்று. கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஒரு பக்கத்தில் மணலைக் கூடுதலாக எடுத்துவிட்டால் உறை சாய்ந்துவிடும். சாய்ந்ததை நிமிர்த்துவது புதிதாக இறக்குவதைவிடப் பெரும்பாடு.

கணவன் சின்னானோடு பதினெட்டு வயதில் உறைக்குள் இறங்கியவள் அவள். இப்போது ஐம்பத்திரண்டு. முதுகை உறையில் ஒட்டவைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நகர்ந்தபடி வாருவாள். எந்தப் பக்கம் முந்தி இறங்குகிறது என்பதை முதுகே சொல்லிவிடும். அவள் இறக்கிய உறை ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை என்று ஊரில் யாராவது பெருமையாகச் சொன்னால், இரண்டு சாய்ந்தன என்று அவளே திருத்துவாள்.

அவள் ஊர் ஆற்றோரத்தில் ஒரு மண்டபம் இருந்தது. அஸ்தி கரைக்க வருகிறவர்கள் ஒதுங்குவதற்கான இடம். மேட்டூரிலிருந்து நிறையத் தண்ணீர் திறந்துவிட்ட ஒரு வருடம் அடிமணல் அரித்து அது விழுந்தது. அடுத்த சித்திரையில் சின்னான் இறந்தான். அவனுடைய சாம்பலை ஆற்றில் விட்டுவிட்டு, ஈரச் சேலையோடு கொதிக்கும் மணலில் நின்றபோது, ஒதுங்கிக்கொள்ள ஒரு தூண் நிழல்கூட அவளுக்கு இல்லை.

ஆகவே புது மண்டபத்துக்கு ஊர்க்கூட்டம் போட்டபோது அவளும் போனாள். மண்டபத்தை மேட்டில், தார்ச்சாலை ஓரத்தில் கட்டிவிடலாம் என்றார் கமிட்டித் தலைவர் தண்டாயுதபாணி. அவர் மத்தியப் பிரதேசத்தில் இருபது வருடம் ரிக் வண்டி வைத்துப் போர்வெல் போட்டவர். மண்ணைப் பற்றி ஊரில் அவர் சொல்வதே கடைசிச் சொல். மாரியாயி எழுந்து, பழைய இடத்திலேயே கட்டலாம், பன்னிரண்டு உறைகிணறுகளை ஆழமாக இறக்கி, உள்ளே கல்லும் கலவையும் போட்டு நிரப்பி, அவற்றின்மேல் தூண் எழுப்பலாம் என்றாள்.

தண்டாயுதபாணி கெட்ட மனிதர் அல்ல. ஆனாலும் சிரித்துவிட்டார்.

"அம்மிணி, கெணறுங்கறது தண்ணிக்கு. கெணத்து மேல யாராச்சும் குடியிருப்பாங்களா?"

கூட்டமும் சிரித்தது. தான் சொல்வது சரி என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அப்படி ஒரு கட்டடம் எங்கே நிற்கிறது என்று கேட்டால் காட்ட அவளிடம் ஒன்றுமில்லை. முடிவை ஐப்பசிக்குத் தள்ளிவைத்தார்கள், அதுவும் மரியாதைக்குத்தான்.

இதற்கிடையே புரட்டாசியில் ஊரிலிருந்து முப்பது பேர் காசி யாத்திரை கிளம்பினார்கள். மகள் நர்மதா அம்மாவின் பெயரையும் சேர்த்துவிட்டாள். திரும்பும் வழியில் ஆக்ரா. இந்தி தெரிந்தவர் தண்டாயுதபாணி மட்டும் என்பதால், வழிகாட்டி சொல்வதை அவர்தான் எல்லோருக்கும் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

தாஜ்மகாலைப் பார்த்தவுடன் எல்லோரும் அழகு என்றார்கள். அழகுதான். ஆனால் அத்தனை படங்களில் பார்த்துவிட்ட ஒன்றை நேரில் பார்க்கும்போது, நாம் வியப்பது அதைப் பார்த்தா, அதன் முன் வந்து நிற்கும் நம்மைப் பார்த்தா என்று சொல்வது கடினம். மாரியாயி காலுக்குத் துணியுறை மாட்டிக்கொண்டு பளிங்குத் தரையில் நடந்தாள்.

ஷாஜகானின் மனைவி மும்தாஜ் பதினான்காவது பிரசவத்தில், புர்கான்பூரில் இறந்தாள் என்று தண்டாயுதபாணி சொன்னார். பளிங்கு மக்ரானாவிலிருந்து வந்தது, வேலை முடிய இருபது வருடம் ஆனது என்றார். மாரியாயி பளிங்கையும் வருடத்தையும் விட்டுவிட்டாள். "பதினாலாவதா" என்று மட்டும் மெல்லக் கேட்டுக்கொண்டாள். உள்ளே மும்தாஜின் கல்லறை நட்டநடுவில் இருந்தது. அரசனுடையது ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. அது பின்னால் வைத்தது என்று யாரும் சொல்வதற்கு முன்பே சொன்னாள். நடு தப்பினால் அவள் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பின்புறம் யமுனையை நோக்கிய மேடைக்கு வந்தார்கள். கைப்பிடிச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள். ஒல்லியாக ஓடும் ஆறு, அகலமாக மணல். ஊரிலிருப்பது போலவே இருந்தது. வழிகாட்டி கீழே கைகாட்டி ஏதோ சொன்னான். அதில் 'குவான்' என்ற சொல் வந்தது. குவான் என்றால் கிணறு. ரிக் வண்டிக்காரருக்கு அது நன்றாகத் தெரிந்த இந்தி.

"ஆத்தோரமா கெணறு எறக்கியிருக்காங்களாமா" என்றார் தண்டாயுதபாணி. "வேலை செஞ்ச சனத்துக்கெல்லாம் தண்ணி வேணுமில்ல."

மாரியாயி சுவரிலிருந்து திரும்பினாள்.

"ஏனுங்ண்ணா, எத்தன கெணறுன்னு கேளுங்க."

கேட்டார். "நெறையவாமா. வரிசையா."

"ஆறு காலடியில ஓடுது. தண்ணிக்கு எதுக்குங்க வரிசையா கெணறு?"

அவர் மறுபடி வழிகாட்டியிடம் கேட்டார். இந்த முறை அவன் கைகளாலேயே விளக்கினான். இரண்டு கைகளையும் வளைத்து வட்டமாக்கி மெல்லக் கீழே இறக்கினான். அதற்குள் எதையோ அள்ளி அள்ளிப் போட்டான். பிறகு அதன்மேல் உள்ளங்கையைத் தட்டையாக வைத்துவிட்டு, பின்னால் நின்ற வெள்ளைக் கட்டடத்தைக் காட்டினான். மாரியாயிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. முப்பத்திநாலு வருடமாக அவள் செய்வதை ஒருவன் காற்றில் செய்துகாட்டிவிட்டான்.

தண்டாயுதபாணி தமிழில் சொல்லாமல் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தார். பழனியம்மாள் என்ற கிழவி விடவில்லை. "என்ன சொல்றாப்லன்னு சொல்லுங்க சாமி. சொன்னாத்தான எங்களுக்குத் தெரியும்."

நினைத்தால் அவர் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். அங்கே இந்தி தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. அவர் அப்படிச் செய்யவில்லை. அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

"இந்த மேடைக்கு அடியில வரிசையா கெணறு எறக்கி, கல்லும் சுண்ணாம்பும் போட்டு ரொப்பி, அதும்மேலதான் கட்டியிருக்காங்களாமா" என்றார். பிறகு மாரியாயியைப் பார்த்து, "கெணத்து மேலதான் இருக்குது அம்மிணி" என்றார்.

"குடியிருக்கறவங்க பேரு மும்தாஜுங்ண்ணா" என்றாள் மாரியாயி.

ஊர்க்கூட்டத்தில் அவர் கேட்டது எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. அப்புறம் முப்பது பேரும் சிரித்தார்கள். பழனியம்மாள் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தண்டாயுதபாணியும் சிரித்தார். காவலர் ஒருவர் வந்து அதட்டிவிட்டுப் போனார். மாரியாயி குனிந்து, பளிங்கையும் குவிமாடத்தையும் விட்டுவிட்டு, மேடையின் சிவப்புக்கல்லைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினாள், உறை இறக்கி முடித்ததும் தட்டுவதைப் போல.

ஐப்பசிக் கூட்டத்தில் அவளுக்காகப் பேசியவர் தண்டாயுதபாணி. அவரே நாமக்கல்லிலிருந்து ஒரு பொறியாளரைக் கூட்டி வந்தார். அந்த மனிதர் மணலைப் பார்த்தார், மாரியாயி சொன்னதைக் கேட்டார். பழைய ரயில் பாலங்கள் பலவும் இப்படித்தான் நிற்கின்றன, எவ்வளவு ஆழம் என்பதை மட்டும் நான் கணக்குப் போட்டுத் தருகிறேன் என்றார். இதை யாரிடமாவது முன்பே கேட்டிருக்கலாமே என்றும் சொன்னார்.

ஆற்றில் தண்ணீர் வற்றிய மாசியில் வேலை தொடங்கியது. ஒவ்வொரு உறைக்குள்ளும் முதலில் இறங்கியவள் மாரியாயி. வைகாசியில் தூண்கள் எழும்பின.

ஆடியில் மேட்டூர் நிரம்பி, கரை தளும்பத் தண்ணீர் வந்தது. மூன்று நாள் மண்டபத்தின் தளம் கண்ணுக்குத் தெரியவில்லை. தூண்கள் மட்டும் நீரில் நின்றன. நாலாம் நாள் தண்ணீர் இறங்கியது. தண்டாயுதபாணி ரசமட்டத்தோடு போய்த் தளத்தில் மூலைக்கு மூலை வைத்துப் பார்த்துவிட்டு, கரையில் நின்ற கூட்டத்திடம் திரும்பினார். பன்னிரண்டில் ஒன்றுகூடச் சாயவில்லை என்றார்.

மாரியாயி அதைத் திருத்தவில்லை.