பஸ்ஸுக்குப் பின்னால் போன ஆம்புலன்ஸ்

தொண்ணூறுகளில் பெருந்துறைப் பக்கம் ஒரு கிராமத்தில் நர்ஸாக இருந்தேன். டவுன் சங்கத்தார் எங்களுக்கு ஒரு ஆம்புலன்ஸ் கொடுத்தார்கள். மாலை, மைக், பேச்சு எல்லாம் முடிந்த மறுநாளே, பெரியாஸ்பத்திரியில் இறந்துபோன ஒருவரை அதில்தான் ஊருக்குக் கொண்டுவந்தோம். அத்துடன் அதற்குப் பிண வண்டி என்று பெயராகிவிட்டது. நெஞ்சுவலிக்காரர்கூட இரண்டு பேருக்கு நடுவே மொபெட்டில் உட்கார்ந்து போனாரே தவிர, அதில் ஏறவில்லை. டிரைவர் தினமும் வண்டியைத் துடைத்துவைப்பார்.

ஒரு நாள் காலை, தறி ஓட்டும் பெண் ஒருத்திக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம். கால் வீங்கி, பிரஷரும் ஏறியிருந்தது. உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். மாமியார் அசையவில்லை.

"மொதப் பேறுக்குப் பொண வண்டியிலீங்களா? பஸ்ஸுலயே போயிக்கறமுங்க நர்சம்மா."

வாதாட நேரமில்லை. நானும் அவர்களோடு டவுன் பஸ்ஸில் ஏறினேன். டிரைவரைப் பின்னாலேயே வரச் சொன்னேன். முன்னால் நோயாளியோடு பஸ், பின்னால் காலி ஆம்புலன்ஸ். கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உள்ள ஆருங்க செத்துட்டாங்க?" என்றார். அவள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி இன்னும் வரவில்லை. அங்கேயே அவளுக்குப் பனிக்குடம் உடைந்தது. மாமியார் அழத் தொடங்கினார். அவள் அழவில்லை, எழுந்து நின்றாள்.

"அத்தை, நான் அந்த வண்டிக்கே போறனுங்க. இத்தன பேரு முன்னால முடியாது."

பஸ் மொத்தமும் வழிவிட்டது. மாமியார் பின்னாலேயே ஓடிவந்து, டிரைவரிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"சைரன் ஊத மட்டும் கூடாதுங்க."

"கேட்டு மூடிக் கெடக்குதுங்க. ஊதி என்னங்க பண்றது?" என்றார் அவர்.

கதவைச் சாத்தினேன். கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி கடப்பதற்குள் பெண் குழந்தை பிறந்து, ரயில் சத்தத்தை மீறி அழுதது. ஆஸ்பத்திரியில் தாயின் பிரஷரும் இறங்கியது. ஐந்தாம் நாள் ஊர் திரும்பும்போது, "பச்சப்புள்ளையக் கூட்டத்துல கொண்டுபோவாங்களா?" என்று மாமியார்தான் ஆம்புலன்ஸ் கேட்டார்.

அதன்பிறகு வண்டிக்கு ஓய்வே இல்லை. அடுத்த மாதம் ஒரு கல்யாண வீட்டார் வந்து, பெண் அழைக்க வண்டி வேண்டுமென்றார்கள். நோயாளிக்கு மட்டும்தான் என்றேன்.

"அதுக்கென்னங்க, எங்க பெரியப்பன் படுத்துக்குவாருங்க."