கஞ்சி போட்ட கூடாரம்

எனக்குக் கூடாரப் பைத்தியம் பிடித்தது ஏழு வயதில், கருட சேவைக் கூட்டத்தில் தொலைந்துபோனபோது. காணாமல்போன பிள்ளைகளை போலீஸ் கூடாரம் ஒன்றில் உட்கார வைத்திருந்தார்கள். மற்றதுகள் எல்லாம் அம்மா வரவில்லையே என்று அழுதன. நான் அம்மா வந்துவிட்டாளே என்று அழுதேன்.

நாற்பது வயதாகியும் தெளியவில்லை. கோடை வந்தால் எங்காவது கூடாரம் அடித்துப் படுத்தாக வேண்டும். ஆனால் ஒன்றிலும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. விடிவதற்குச் சற்று முன் ஒரு குரல் எழுப்பிவிடும். பேய் என்றால் மந்திரித்துத் தாயத்துக் கட்டலாம். இது என் அண்ணனின் குரல். அவன் செத்தது போன வருஷம்தான். குரல் என்னைப் பிடித்துக்கொண்டது அவன் நன்றாக நடமாடிக்கொண்டிருந்த நாளிலேயே.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. நானும் அண்ணனும் ஆளுக்கொரு சைக்கிளில் ஏலகிரி வரை போவது, வழியெல்லாம் கூடாரத்தில் தங்குவது என்று திட்டம். காடாத் துணியில் அண்ணனே கூடாரம் தைத்தான். மழை வந்தால்? நாங்கள் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். நூலுக்கு உறுதி வேண்டுமா, கஞ்சி போடு. ஓர் அண்டா அரிசிக் கஞ்சியில் கூடாரத்தை முக்கி, தறிக்குப் பாவு நூல் நீட்டுவதுபோலத் தெருவில் இழுத்துக் கட்டிக் காயவைத்தோம்.

“தட்டிப் பாருடா, தகரம் மாதிரி இருக்குது. ஒரு சொட்டு உள்ள வராது,” என்றான் அண்ணன்.

முதல் நாள் தாமல் வரைதான் போக முடிந்தது. தண்ணீர் வற்றிய ஏரிக்குள் இறங்கினோம். முளை அடிக்கும்போது கல்லில் சறுக்கி, அண்ணனின் கணுக்கால் வீங்கிவிட்டது.

விடியும் நேரம். துணிக்கு வெளியே எதுவோ சொரசொரவென்று இழுத்தது. நிறுத்தியது. பெருமூச்சு விட்டது. துணி என் முகத்துக்கு நேராகப் புடைத்து, மெல்ல நகர்ந்தது.

“டேய், இருக்கியா?” என்றான் அண்ணன்.

நான் இல்லை. ஏரிக்கரையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தேன். அவனால் எழுந்து நிற்கக்கூட முடியாது என்பது ஓடும்போதே தெரியும். இன்னொரு தடவை கூப்பிட்டான். பிறகு கூப்பிடவில்லை.

நன்றாக வெளிச்சம் வந்தபிறகு திரும்பினேன். இரண்டு எருமைகள் கூடாரத்தின் ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டு மறுபக்கத்துக்கு வந்திருந்தன. அண்ணன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“சோறு ஆச்சு. மோர் கேக்குதுங்கடா,” என்றான்.

ஒரு லாரி பிடித்து வீடு திரும்பினோம். அங்கே கதை சொன்னது அவன்தான். “தம்பி இல்லன்னா என்னையும் மேய்ஞ்சிருக்கும்மா. ஒண்டியா நின்னு வெரட்டினான்.”

அம்மா எனக்குத் திருஷ்டி சுற்றினாள். நான் வாகாகக் குனிந்து காட்டினேன்.

அதற்கப்புறம் உறவில் எந்தக் கல்யாணமானாலும் பந்தியில் இந்தக் கதை உண்டு. ஒவ்வொரு தடவையும் உண்மை தொண்டை வரை வரும். ஒரு வாய் பாயசத்தோடு விழுங்கிவிடுவேன். கடைசியில் போன வருஷம், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே கேட்டேன்.

“ஏண்ணா அப்படிச் சொன்னே?”

“நீ திரும்பி வந்தியேடா. அது போதும்னு இருந்தது.” கொஞ்ச நேரம் மேலே ஓடும் விசிறியைப் பார்த்தான். “ஆனா வர்றதுக்கு ரொம்ப நேரம் ஆச்சுடா.”

நர்ஸ் எட்டிப் பார்த்து, பார்வை நேரம் முடிந்துவிட்டது என்றாள். மற்ற கட்டில்களருகே உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் ஒருவரும் அசையவில்லை. நான் மட்டும் எழுந்துகொண்டேன்.