கறுப்படித்த முனை

ஸ்ப்ரே பெயின்ட் வாடை அடித்தால், அமெரிக்காவில், கேட்டி ஊரில் என் வீட்டுக்கு வந்த அந்தப் பெரியவர் நினைவுக்கு வருவார். கல்லூரிக்குப் போன மகனின், பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியை ஆன்லைனில் விற்பனைக்குப் போட்டிருந்தேன். பார்க்க அசல்தான்; பொம்மை என்று காட்டும் ஆரஞ்சு முனையில் மகன் கறுப்படித்திருந்தான். வாங்க வந்தவர், கசங்காத வெள்ளைச் சட்டைக்காரர், அந்தக் கறுப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றார்.

“இப்படியே விக்கலாமா தம்பி? ஐடி கேக்க மாட்டீங்களா?”

“உங்களைப் பாத்தா சின்னப் பையன் மாதிரியா இருக்கு அங்கிள்?”

அவர் சிரிக்கவில்லை.

“என் பையனுக்கு அப்போ பதினஞ்சு. பார்க்ல இதே மாதிரி கறுப்பு ஒண்ணு கையில வெச்சிருந்தான். போலீஸ் நிஜம்னு நினைச்சு சுட்டுட்டாங்க.”

பணத்தைக் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியோடு காருக்குப் போனார். டிக்கியில் ஏற்கெனவே இதே மாதிரி மூன்று துப்பாக்கிகள் கிடந்தன. இதையும் அவற்றோடு வைத்தார்.

“அவனுக்கு வித்தவரும் நல்லவர்தான் தம்பி. வயசு மட்டும் கேக்கல.”