மெட்ரோவுக்கு அடியில் மிதித்தவர்

மெட்ரோ நிலையங்களில் எடுத்து ஓட்டித் திரும்ப விடும் பொதுச் சைக்கிளுக்கு விதி தெளிவாக இருக்கிறது. ஸ்டாண்டில் இடமில்லையென்றால் பக்கத்தில் பூட்டிவிட்டுப் போகலாம், ஒப்படைத்ததாகவே கருதப்படும். இந்த விதி நிலைய வாசல் காவலாளிக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

இதைச் சொன்னவர் சென்னையிலிருந்து செஞ்சிக்கு வரும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், சென்னையில் ஆஸ்பத்திரி ஊழியர். சைக்கிள் செயினில் மாட்டாமலிருக்கப் பேண்ட் நுனியில் துணி கிளிப் போட்டிருந்தார், பேருந்திலும் கழற்றவில்லை.

"பக்கத்துல வுட மாட்டேங்கிறான் சார். அடுத்த ஸ்டேஷன் போனா அங்கியும் ஃபுல்லு. மெட்ரோ பாஸ் பாக்கெட்ல இருக்குது, நான் பாலத்துக்கு அடியில ஆஸ்பத்திரி வரைக்கும் மிதிக்கிறேன். ரெண்டு வாட்டி லேட்டு. இன்னொரு வாட்டின்னா வேலை போயிடும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. அங்கேயே போனில் மெட்ரோ நிர்வாகத்துக்குப் புகார் எழுதத் தொடங்கி, காவலாளியின் பெயரைக் கேட்டேன்.

"அது இன்னாத்துக்கு சார்? நம்ம செஞ்சிப் பக்கம், அவலூர்பேட்டை ஆளு. பேரு போட்டா அவன் வேலை போயிடும்."

"உங்க வேலை போகப்போகுதுங்க!"

"விதியைப் பத்தி மட்டும் எழுதுங்க சார்."

பெயரில்லாமல் அனுப்பினேன். மூன்று நினைவூட்டல்களும் அனுப்பினேன். கார்த்திகையில் அவர் போன் செய்து, தன் வேலை போய்விட்டது என்றார்; காவலாளியைப் பற்றி அப்போதும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர்மேல் எனக்கிருப்பது மரியாதையா எரிச்சலா என்று இன்னும் தெரியவில்லை.

'விதி நடைமுறையில் உள்ளது. ஊழியரின் பெயர் குறிப்பிடப்படாததால் மனு முடித்துவைக்கப்படுகிறது' என்ற பதில் போகிப் பண்டிகையன்று வந்தது.