துரைமார் மயானத்தில் ஒரு ஞாயிறு

அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து நுவரெலியாவுக்கு அருகே நான் மாற்றலாகி வந்தது ஐம்பதுகளின் பிற்பகுதியில். கேட்டு வாங்கிய மாற்றல். பழைய இடத்தில் எங்கள் மகன், கைக்குழந்தை, காய்ச்சலில் போய்விட்டான். ஊர் மாறினால் என் மனைவி தேறுவாள் என்று நினைத்தேன். வந்த பிறகும் அவள் யாரிடமும் பேசவில்லை.

பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பெண் ஒருநாள் சொன்னாள்: "டவுனுக்குக் கிட்ட பழைய வெள்ளைக்கார துரைமாரு மயானம் இருக்குங்க மாஸ்டர். ஒரு தொரையோட கல்லறையில இடி விழுந்து பொளந்து கெடக்கு. எல்லாரும் போய்ப் பாக்குறாங்க. அக்காவையும் கூட்டிட்டுப் போங்க."

வேடிக்கை பார்க்கும் இடம் என்பதுதான் என் மனதில் பதிந்தது. மயானம் என்பது பதியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். தூறலும் பனிமூட்டமுமாக இருந்தது. பிளந்த கல்லறையைச் சுற்றிச் சிலர் நின்றிருந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அவள் மூலையில், முழங்கால் உயரமே இருந்த கற்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"இது யாருங்க?"

இங்கிலீசில் வெட்டியிருந்ததைப் படித்தேன். "ஒரு தொரையோட மகன். பதினொரு மாசம்."

"இது?"

"பொண்ணு. பொறந்த அன்னைக்கே."

முந்தானையால் கல்லின் பாசியைத் துடைத்தாள். "செத்து எவ்வளவு காலமாச்சு?"

"நூறு வருசம் இருக்கும்."

"இன்னமும் எந்த எடம்னு தெரியுது. நம்ம புள்ளைக்கு ஒரு கல்லுகூட வைக்கலையேங்க."

அடுத்த மாதம், மகன் பெயர் வெட்டிய சின்னக் கல் ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நானுஓயாவில் ரயில் ஏறினோம். பழைய தோட்டத்தில், புதைத்த சரிவு முழுவதும் இளம் தேயிலை நிரை நிரையாக நின்றது.

"போன மழைக்கு முந்தியே நட்டாச்சுங்க மாஸ்டர்," என்றார் கங்காணி. "பெரிய தொர உத்தரவு."

அவள் நிரைகளுக்குள் நடந்தாள். ஓரிடத்தில் நின்று, "இங்கதாங்க," என்றாள். இன்னும் கீழே, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் என்றுதான் எனக்கு ஞாபகம். அவள் காட்டிய இடத்திலேயே சாக்கை இறக்கி வைத்தேன்.

"மேல வச்சா புடுங்கி எறிஞ்சிருவாங்க," என்றார் கங்காணி. மண்வெட்டியை அவரே கொண்டுவந்து கொடுத்தார். குழி தோண்டி, பெயர் மேலே இருக்கும்படி கல்லை உள்ளே இறக்கினேன். அவள் இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளி மூடினாள்.

திரும்பும் ரயிலில் நகக்கண்ணில் இருந்த மண்ணை அவள் எடுக்கவே இல்லை. அந்தத் தோட்டத்துக்கு நாங்கள் பிறகு போகவும் இல்லை.